ஒரே மஞ்சள், இரண்டு நோய்கள்



பெண்கள் வார்டில் ஜெபிக்கச் செல்லும்போது, "ஐயா, மஞ்சள்காமாலைதானே? கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தால் போதாதா?" என்று தாய்மார் எங்களைக் கேட்பதுண்டு. வைரஸ் கிருமியால் வரும் காமாலை பெரும்பாலும் சில வாரங்களில் தானே இறங்கிவிடும். பத்தியத்துக்கு நல்ல பெயர் கிடைப்பது அதனால்தான். இறங்காத காமாலையும் உண்டு. அப்படி வந்த ஓர் இளம்பெண்ணைக் குறித்து இம்முறை எழுதுகிறோம்.

மூன்று மாதம் பத்தியம் இருந்த பிறகே அவளை அழைத்து வந்தார்கள். கண் மஞ்சளாயிருந்தது, கீழ் இமையின் உட்புறமோ காகிதம்போல் வெளுத்திருந்தது. நாலு படி ஏறினால் மூச்சு வாங்கியது. "சாதாரணக் காமாலையில் இவ்வளவு இரத்தம் குறையாதே" என்றார் டாக்டரம்மா.

கிருமிகளோடு போராட நம் உடலில் உள்ள காவல் சக்தி, சிலருக்குத் தன் சொந்த உறுப்பையே அந்நியமாக எண்ணித் தாக்குகிறது. இதையே 'ஆட்டோ இம்யூன்' நோய் என்கிறார்கள். ஈரலைத் தாக்கினால் ஈரல் அழற்சி. இது ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம். சிவப்பணுக்களைத் தாக்கினால், சுமார் 120 நாள் வாழவேண்டிய அணுக்கள் முன்னதாகவே உடைந்து இரத்தசோகை உண்டாகிறது. உடையும் அணுக்களிலிருந்து மஞ்சள் நிறமி பெருகுகிறது. ஈரல் கெட்டாலும் அதே நிறமிதான் தேங்குகிறது. ஆகவே கண்ணை மட்டும் பார்த்து எது என்று சொல்ல முடியாது. அபூர்வமாக இரண்டும் ஒருவரிடமே இருக்கும். சிறு குழந்தைகளுக்கு இப்படிச் சேர்ந்து வந்தால் மிகக் கடுமையாயிருக்கும்.

சிவப்பணுக்கள் தாக்கப்படுகின்றனவா என்று காட்டுவது கூம்ஸ் பரிசோதனை. 1945இல் இதை வெளியிட்டவர்களில் ஒருவரான ராபின் கூம்ஸ் கால்நடை மருத்துவம் படித்தவர் என்பது எங்களுக்கு வியப்பாயிருந்தது. அந்தப் பெண்ணுக்கு அது பாசிட்டிவ். இரத்தம் கொடுக்க அண்ணன்மார் இருவரும் ஓடிவந்தார்கள். ஆனால் அவள் சொந்த அணுக்களைத் தாக்கும் பொருள் பிறருடைய அணுக்களையும் விடுவதில்லை; யாருடைய இரத்தத்தைச் சேர்த்துப் பார்த்தாலும் திரண்டது. பொருத்தம் பார்க்கவே ஒரு நாள் போயிற்று.

நல்ல செய்தி என்னவெனில், இரண்டு நோயையும் ஒரே மருந்து தணிக்கும்: பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை. காசநோயும் ஹெபடைடிஸ் பி கிருமியும் இருக்கின்றனவா என்று முதலில் பார்த்துக்கொள்வார்கள். பிறகு அசதயோபிரின் மாத்திரையைச் சேர்த்து, ஸ்டீராய்டைப் படிப்படியாய்க் குறைப்பார்கள்.

எங்களுக்கு வருத்தம் தந்தது இதற்குப் பின் நடந்ததே. மாத்திரையால் முகம் உப்பிற்று. பெண் பார்க்க வருகிறார்கள் என்று நான்காம் மாதம் வீட்டில் மாத்திரையை நிறுத்திவிட்டார்கள். வெளியிலிருந்து ஸ்டீராய்டு வரும்போது உடல் தன் சொந்தச் சுரப்பைக் குறைத்துக்கொள்ளும். திடீரென நிறுத்தினால் இரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்து. நோயும் திரும்பிவரும். மயங்கிய நிலையில், முன்னிலும் மஞ்சளாய், அவளை ஆட்டோவில் கொண்டுவந்தார்கள். கர்த்தர் காப்பாற்றினார்.

பலருக்கு இந்த மாத்திரைகள் ஆண்டுக்கணக்கில் வேண்டும். மாத்திரையின் விலையைவிட, திரும்பத் திரும்பச் செய்யும் இரத்தப் பரிசோதனையும் பஸ் கட்டணமுமே ஏழைக் குடும்பத்தை நிறுத்திவிடுகின்றன. நீங்கள் அனுப்பும் காணிக்கையில் ஒரு பங்கு அதற்கே செலவாகிறது. மாத்திரை அட்டையை இப்போது அவளுடைய அம்மாவே வைத்திருக்கிறார். ஒவ்வொரு மாதமும் எங்களிடம் அதை விரித்துக் காட்டிவிட்டுத்தான் டாக்டரம்மாவிடம் போகிறார்.