தலை உருகியது... கை விழுந்தது! எரிய எரிய உருமாறும் மெழுகு பொம்மைகள்

ஆள் நிற்கிறார். உச்சந்தலையில் தீ எரிகிறது. முகம் உருகி மார்பில் வழிகிறது. கூட்டம் கூடி வேடிக்கை பார்க்கிறது. ஒருவர்கூட தண்ணீர் எடுக்க ஓடவில்லை!

இத்தாலி நாட்டு வெனிஸ் நகரில் 2011-ம் ஆண்டு கண்ட காட்சி இது. பயப்பட வேண்டாம். எரிந்தவர் மெழுகு மனிதர். உள்ளே திரி வைத்து வார்த்த ஆளுயர மெழுகுவர்த்தி.

செய்தவர் ஊர்ஸ் பிஷர். சுவிட்சர்லாந்தில் பிறந்த சிற்பி. இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை வெனிசில் நடக்கும் கலைக் கண்காட்சியில் அவர் வைத்த மெழுகு உருவங்கள் மூன்று. ஒன்று, அவருடைய நண்பரான ஓவியர் ரூடால்ப் ஸ்டிங்கலின் உருவம். அவர்தான் மேலே சொன்ன ஆள். இரண்டாவது, ஒரு ஆபீஸ் நாற்காலி! (நாற்காலியைக் கொளுத்தினால் என்ன என்று எத்தனை குமாஸ்தாக்கள் மனதுக்குள் நினைத்திருப்பார்கள். பிஷர் செய்தே காட்டிவிட்டார்.)

மூன்றாவதுதான் பிரமாண்டம். புளோரன்ஸ் நகரில் 16-ம் நூற்றாண்டுப் பளிங்குச் சிலை ஒன்று இருக்கிறது. ஜியாம்போலோஞா செதுக்கியது. உயரம் 13 அடிக்கு மேல். ஒரு பெண்ணைத் தூக்கும் வாலிபன், அவன் காலடியில் குனிந்து கிடக்கும் இன்னொரு ஆண். ஒரே கல்லில் மூன்று உடல். அதை அப்படியே, அதே அளவில் மெழுகில் வார்த்தார் பிஷர். திரியைக் கொளுத்தினார். கண்காட்சி நடந்த மாதங்களில் தலை போனது, கை போனது, கடைசியில் மிஞ்சியது மெழுகுக் குவியல்.

காசைக் கரியாக்கும் வேலை என்று தோன்றுகிறதா? அசலுக்கு மோசமில்லை. மறுபடியும் வார்த்தால் ஆயிற்று. 2021-ம் ஆண்டு பாரிசில் இதே சிலை மீண்டும் நின்றது. மீண்டும் எரிந்தது!

பூனைக்குள் எலும்பு

வீட்டு மேஜைக்கும் இப்படி ஒரு சரக்கு வந்தது. தோருன் ஆர்னடோட்டிர் என்ற ஐஸ்லாந்து நாட்டுப் பெண் கலைஞரின் யோசனை. பார்த்தால் சாதுவான மெழுகுப் பூனை. கொளுத்தினால் காது கரையும், கன்னம் கரையும். உள்ளேயிருந்து பல்லை இளித்துக்கொண்டு அலுமினிய எலும்புக்கூடு எட்டிப் பார்க்கும்! 2013-ல் இணையம் வழியாக மக்களிடமே முன்பணம் திரட்டி இதை விற்பனைக்குக் கொண்டுவந்தார்.

வாங்கியவருக்குத்தான் தர்மசங்கடம். கொளுத்தாமல் வைத்தால் எலும்பைப் பார்க்க முடியாது. கொளுத்தினால் பூனை போச்சு!

பாரடே குறை சொன்னார்

சாதாரண மெழுகுவர்த்தி மட்டும் ஏன் இப்படிக் கோணாமல் எரிகிறது? மின்சார ஆராய்ச்சியில் புகழ்பெற்ற விஞ்ஞானி மைக்கேல் பாரடே, 1860-61 கிறிஸ்துமஸ் சமயத்தில் லண்டனில் சிறுவர்களுக்கு மெழுகுவர்த்தி பற்றி ஆறு சொற்பொழிவுகள் நடத்தினார். அதில் விடை இருக்கிறது.

சுடரின் சூட்டில் காற்று மேலே போகிறது. குளிர்ந்த காற்று பக்கவாட்டில் ஏறி வருகிறது. அது படுவதால் வர்த்தியின் வெளி விளிம்பு உருகாமல் நிற்கிறது. நடுவில் மட்டும் உருகிக் கிண்ணம்போல ஆகிறது. அந்தக் கிண்ணம் உடையாதவரை மெழுகு வழியாது.

பூவேலை, வரிவேலை செய்த அலங்கார வர்த்தியில் விளிம்பு மேடும் பள்ளமும். பள்ளமான இடத்தில் கிண்ணம் உடையும், மெழுகு ஒழுகும். ஒழுகியது பக்கத்தில் தூணாக உறையும். சுற்றிலும் காற்று பட்டுக் குளிர்வதால் அந்தத் தூண் சீக்கிரம் உருகாது. சுற்றிலும் கரைந்தபின் அது தனியே நிற்கும். அழகுக்குச் செய்தது உபயோகத்தைக் கெடுக்கிறது என்று பாரடே குறைப்பட்டார். அந்தக் குறையைத்தான் இன்றைய கலைஞர்கள் தொழிலாக்கிக்கொண்டார்கள்!

சூட்சுமம் திரியில். அகலமான வர்த்திக்கு மெல்லிய திரி போட்டால் நடுவில் குழி விழும், சுவர் அப்படியே நிற்கும். தடித்த திரி போட்டால் சுவரும் இளகிச் சாயும். பொம்மையில் காது, விரல், மூக்கு என்று மெலிந்தது முதலில் போகும். தொப்பை கடைசி வரை இருக்கும். மெழுகு உருகுவதற்கு முன்பே இளகிவிடும். சித்திரை வெயிலில் அலமாரியில் நிற்கும் மெழுகுவர்த்தி தானாகவே தலை குனிவதைப் பார்த்திருப்பீர்களே!

வீட்டில் செய்யலாமா?

தாராளமாக. ஆனால் மெழுகுப் பாத்திரத்தை நேராக அடுப்பில் வைக்காதீர்கள். கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்குங்கள். அச்சில் திரியை நட்டநடுவே இழுத்துக் கட்டி ஊற்றுங்கள். ஆறும்போது மெழுகு சுருங்கித் திரியைச் சுற்றிப் பள்ளம் விழும். அதனால் இரண்டாம் தடவை ஊற்றக் கொஞ்சம் மீதி வையுங்கள். திரி ஒரு பக்கம் ஒதுங்கினால் உருவமும் அந்தப் பக்கமே சரியும். வேண்டுமென்றே ஒதுக்குகிறவர்களும் உண்டு.

கொளுத்தும்போது அடியில் அகலமான தாம்பாளம் அவசியம். எரிகிற தலை எந்தப் பக்கம் விழும் என்று சொல்ல முடியாது. திரைச்சீலை பக்கத்தில் வேண்டாம். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள்.

உருக்கும்போது மெழுகு தீப்பிடித்தால் ஐயோ என்று தண்ணீரை மட்டும் ஊற்றிவிடாதீர்கள்! தண்ணீர் அடியில் போய் நொடியில் ஆவியாகி, எரியும் மெழுகை முகத்தில் வாரி அடிக்கும். அடுப்பை அணைத்து, பாத்திரத்தைத் தட்டுப் போட்டு மூடுங்கள். ஆறும்வரை திறக்காதீர்கள்.