தேயிலைத் தொழிற்சாலையும் செவியின் நலமும்

அட்டன், நுவரெலியா மலைச்சரிவுகளைக் காண வருவோர் அங்கு நிலவும் அமைதியை வியப்பர். ஆயின், பறித்த கொழுந்து தேயிலையாக மாறும் தொழிற்சாலையினுள் அவ்வமைதி இல்லை.

1867ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரைத் தோட்டத்தில் தேயிலை பயிரிட்டார். தொடக்கத்தில் அவருடைய பங்களாத் தாழ்வாரத்திலேயே கொழுந்து கையால் உருட்டப்பட்டது. இன்றோ கொழுந்தை வாட்டும் விசிறிகளும், உருட்டும் இயந்திரங்களும், உலர்த்திகளும், சல்லடைகளும் ஒரே கூரையின்கீழ் இயங்குகின்றன. கொழுந்து மிகுந்த காலத்தில் இரவிலும் அவற்றின் ஓசை ஓய்வதில்லை.

பேரொலி செவியைக் கெடுக்கும் என்பது புதிய செய்தியன்று. செம்புப் பாத்திரம் அடிப்போர் நாளடைவில் செவிடராவதை இத்தாலிய மருத்துவர் ரமத்சினி 1713ஆம் ஆண்டிலேயே எழுதினார். இதற்குக் காரணம் யாது? உட்செவியில் நத்தைக்கூடு போன்ற உறுப்பு ஒன்று உண்டு. அதனுள் ஏறத்தாழ 15,000 மயிர்க்கலங்கள் ஒலியதிர்வை நரம்புச் செய்தியாக மாற்றுகின்றன. இடையறாத பேரொலியால் அவை நலிந்து மடியும். மடிந்தவை மனிதரிடம் மீண்டும் முளைப்பதில்லை.

நாளொன்றுக்கு 8 மணி நேரம் வேலை செய்வோருக்கு 85 டெசிபெல் என்பதே தொழில்நல வல்லுநர் பலர் கூறும் எல்லை. 3 டெசிபெல் கூடினால் ஒலியாற்றல் இரு மடங்காகும். ஆகவே 88 டெசிபெல்லில் 4 மணி நேரமே தகும். கருவி இல்லாதவரும் இதனை ஒருவாறு உணரலாம். கை நீட்டினால் தொடும் தொலைவில் நிற்பவரோடு உரத்துப் பேச வேண்டியிருப்பின், அவ்வொலி எல்லையை எட்டிவிட்டது எனக் கொள்ளலாம்.

இக்கேடு வலியின்றி வருவது. முதலில் மெல்லிய உயர் ஒலிகளே மறையும். குழந்தையின் சொல் தெளிவாக விளங்காது. கேளாமையைக் கவனமின்மை என வீட்டார் தவறாக எண்ணுவர். தொழிலாளியோ பேச்சைக் குறைத்து ஒதுங்கிவிடுவார். சிலருக்குக் காதில் ஓயாத இரைச்சல் உண்டாகும்.

செவியோடு தீங்கு நிற்பதில்லை. கண்ணுக்கு இமை உண்டு, காதுக்கு இல்லை. உறக்கத்திலும் மூளை ஒலியை ஏற்கிறது; நாடி விரைகிறது; இரத்த அழுத்தம் உயர்கிறது. ஆகையால், தொழிற்சாலையை அடுத்த லயன் அறைகளில் உறங்குவோரின் நலமும் இதில் அடங்கும். உறக்கம் குன்றினால் சினமும் சோர்வும் மிகும்.

தேய்ந்த உருளைகளை மாற்றுதல், எண்ணெயிடுதல், அதிரும் தகடுகளை இறுக்குதல், ஆட்களை இடம்மாற்றி அமர்த்துதல், காதடைப்பான் வழங்குதல், ஆண்டுதோறும் செவியைச் சோதித்தல் ஆகியவை தக்க வழிகள். இழந்த கேள்வியை மருந்தால் மீட்க இயலாது. இருப்பதைக் காத்தலே செய்யத்தக்கது.