ராயபுரத்து மணல் எங்கே போகிறது?

வடசென்னையில் கடல் ஒரு தெருவைக் கொண்டுபோனால், அன்றைய செய்தியிலேயே ‘பருவநிலை மாற்றம்’ என்று காரணமும் எழுதிவிடுகிறார்கள். உலகக் கடல்மட்டம் ஆண்டுக்கு மூன்று, நான்கு மில்லிமீட்டர் உயர்வது உண்மை; அது கவலைக்குரியதும்கூட. ஆனால் ராயபுரம் கரையத் தொடங்கியது 19ஆம் நூற்றாண்டிலேயே.

இங்கே அலை ஆண்டின் பெரும்பகுதி தென்கிழக்கிலிருந்து சாய்வாகக் கரையேறும்; இறங்கும்போது சரிவின் வழியே நேராக இறங்கும். அதனால் ஒவ்வொரு மணல்துகளும் ஏறி இறங்கும்போது வடக்கே கொஞ்சம் தள்ளிப்போகிறது. கட்டட வேலையில் வரிசையாக நின்று செங்கல் கைமாற்றுகிறார்களே, அதே வேலைதான். வாடைக்காலத்தில் சில மாதம் வரிசை திரும்பி நின்று தெற்கே கொடுக்கும்; ஆண்டுக் கணக்கில் வடக்குதான் வெல்லும். இந்த வரிசையின் நடுவே ஒருவர் கையைக் கட்டிக்கொண்டால்? அவருக்குப் பின்னால் செங்கல் குவியும். முன்னால் நிற்பவருக்கு எதுவும் வராது. ஆனால் அலை கேட்பதை நிறுத்தாது. முன்னால் நிற்பவர் தன் வீட்டுச் சுவரைப் பெயர்த்துக் கொடுக்க வேண்டியதுதான்.

கையைக் கட்டியது சென்னைத் துறைமுகச் சுவர். 1875இல் அடிக்கல், 1881 புயலில் பாதிப்பு, பிறகு மறுகட்டுமானம். தெற்கே மெரினா அகன்றது; வடக்கே ராயபுரம் தேய்ந்தது.

எனக்குப் பிடித்த இடம் இதுதான்: அந்தச் சுவரே ஓர் அளவுகோல். சுவருக்குப் பின்னால் ஓராண்டில் எவ்வளவு மணல் சேர்ந்தது என்று அளந்தால், கரையோரம் எவ்வளவு மணல் பயணம் போகிறது என்று தெரிந்துவிடும். அணையில் படிந்த வண்டலை வைத்து மேலே மலைச்சரிவு இழந்த மண்ணைக் கணக்கிடுவதும் இதே உத்திதான்.

செயற்கைக்கோள் படத்தை வைத்துக் கரை தேய்வதை அளப்பது அவ்வளவு எளிதில்லை. இருபது மீட்டருக்கு ஒரு மீட்டர் இறங்கும் மணல்கரையில் கடல்நீர் ஒரு மீட்டர் ஏறினால், நீர்க்கோடு 20 மீட்டர் உள்ளே வந்துவிடும். ஒரு படம் வற்றத்தில், இன்னொன்று ஏற்றத்தில் எடுத்ததென்றால் நடக்காத அரிப்பு நடந்ததாகத் தெரியும். வாடைக்காலப் படத்தைக் கோடைப் படத்தோடு ஒப்பிட்டாலும் அதே பிழைதான். பள்ளிக்கரணையில் இயங்கும் தேசியக் கடலோர ஆய்வு மையம் 1990 முதல் 2018 வரையிலான படங்களைச் சேர்த்துப் பார்த்தே, இந்தியக் கரையில் மூன்றில் ஒரு பங்கு அரிப்புக்குள்ளானது என்று சொன்னது. தலைப்புச் செய்திக்கு அந்தப் பொறுமை இருப்பதில்லை.

அரிப்பைத் தடுக்கக் கருங்கல் கொட்டினார்கள், ராயபுரத்துக்கு வடக்கே கடலுக்குள் நீளும் கற்சுவர்களாகத் தூண்டில் வளைவுகள் கட்டினார்கள். அவை தமக்கிடையே கொஞ்சம் மணலைப் பிடித்து வைக்கின்றன. பிடித்த மணல் வடக்கே போவதில்லை. 2001இல் எண்ணூர்த் துறைமுகம் வந்தது, அதையடுத்துக் காட்டுப்பள்ளித் துறைமுகம். இன்று வரிசையின் அடுத்த ஆள் காட்டுப்பள்ளிக்கு வடக்கே, பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் இடையே உள்ள மெல்லிய மணல்திட்டில் நிற்கிறார்.