பந்து விளையாடும் பெண்ணைப் பெற்றவர்களுக்கு...

"பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு ஃபுட்பால்? கால் ஒடிஞ்சா எவன் கட்டிக்குவான்?" என் மகள் எட்டாம் வகுப்பில் பள்ளி அணியில் சேர்ந்த நாளிலிருந்து நான் கேட்டுவரும் கேள்வி இது. இப்போது அவள் பதினொன்றாம் வகுப்பு. மாவட்ட அணிக்கு ஆடியிருக்கிறாள். மாநிலத் தேர்வு வரை போய் வந்திருக்கிறாள். எங்கள் தெருவில் இன்னும் நாலைந்து அம்மாக்கள், "அக்கா, நாங்களும் அனுப்பலாமா? என்ன செலவாகும்? என்ன கிடைக்கும்?" என்று கேட்கிறார்கள். அவர்களுக்குச் சொன்னதையே இங்கேயும் எழுதுகிறேன்.

முதலில், ஊர்ப் பேச்சு. நம் புதுக்கோட்டைக்கு இது புதிதல்ல. 1990களின் தொடக்கத்தில் ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது, அறிவொளி இயக்கத்தில் பல்லாயிரம் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். அன்றைக்கும் சிரித்தவர்கள் உண்டு. இன்று சைக்கிளில் போகும் பெண்ணை யாராவது திரும்பிப் பார்க்கிறார்களா? அரைக்கால் சட்டையும் அப்படித்தான். பழகிவிடும்.

அடுத்து, எதுவரை போகலாம் என்பது. தமிழ்நாட்டு மகளிர் அணி 2018ல் கட்டக்கில் மணிப்பூரை 2-1 என்று வென்று முதல்முறையாகத் தேசிய சாம்பியன் ஆனது. 2023ல் அமிர்தசரசில் அரியானாவை வென்று மறுபடியும் கோப்பை வாங்கியது. மதுரை சேது எஃப்.சி. அணி 2019ல் இந்திய மகளிர் லீகையே வென்றது. கடலூர்க்காரப் பெண் இந்துமதி கதிரேசன் இந்தியாவுக்கு ஆடியவர். தமிழ்நாடு காவல்துறையில் சப்-இன்ஸ்பெக்டர் ஆனவர். ஆக, வழி இருக்கிறது.

ஆனால் வழி குறுகல் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒரு மாவட்டத் தேர்வுக்கு நூறு பெண்கள் வந்தால், அணியில் இடம் ஏறக்குறைய இருபது பேருக்குத்தான். மாநில அணிக்கு எல்லா மாவட்டத்திலிருந்தும் சேர்த்தே அவ்வளவு பேர். "என் பொண்ணு இந்தியாவுக்கு ஆடுவா" என்று சொந்தக்காரர்களிடம் முன்கூட்டியே சொல்லி வைக்காதீர்கள். அந்தப் பாரமும் சேர்ந்து பிள்ளையின் காலில்தான் ஏறும். போன வருடம் என் மகள் பெயர் மாநிலப் பட்டியலில் வரவில்லை. இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. நான் சமாதானம் எதுவும் சொல்லவில்லை, பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மூன்றாம் நாள் விடியற்காலையில் அவளே, "அம்மா, ஷூ எங்கே?" என்றாள்.

செலவைப் பார்ப்போம். பந்து, வலை எல்லாம் பள்ளியில் இருக்கும். நாம் வாங்க வேண்டியவை பூட்ஸ், முழங்காலுக்குக் கீழே கட்டும் ஷின் கார்டு, காலுறை. வளரும் பிள்ளைக்கு வருடம் ஒரு பூட்ஸ் தேவைப்படும். விலை உயர்ந்தது வேண்டாம். கால் அளவு சரியாக இருந்தால் போதும். பஸ் கட்டணமும் சாப்பாடும்தான் உண்மையான செலவு.

தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விளையாட்டு விடுதிகளில் 7, 8, 9, 11 வகுப்புகளில் பிள்ளைகளைச் சேர்க்கிறார்கள். தங்குவது, சாப்பாடு, பயிற்சி எல்லாம் இலவசம். பெண்களுக்குக் கால்பந்து எந்த ஊர் விடுதியில் இருக்கிறது, தேர்வு எப்போது என்பதை மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் கேளுங்கள்.

ஒரு எச்சரிக்கை. "பணம் கட்டுங்க, நேரா இந்திய முகாம்ல சேர்த்துடறேன்" என்று ஒருவர் எங்கள் வீட்டுக்கே வந்தார். "ரசீது தருவீங்களா? எந்தச் சங்கத்துல பதிவு?" என்று கேட்டேன். காப்பிகூடக் குடிக்காமல் போய்விட்டார். தேர்வு என்பது மைதானத்தில் நடப்பது. வீட்டுத் திண்ணையில் நடப்பதல்ல.

உடம்பு விஷயம் அம்மாக்களின் பொறுப்பு. நம் மாநிலத்தில் பாதிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு ரத்தசோகை இருக்கிறது. ஓடும் பிள்ளைக்கு அது இரண்டு மடங்கு களைப்பு. முருங்கைக்கீரை, முட்டை, கேழ்வரகு, கடலை மிட்டாய் போதும். பள்ளியில் வாராவாரம் தரும் இரும்புச்சத்து மாத்திரையைத் தவறாமல் விழுங்கச் சொல்லுங்கள். அதோடு டீ குடிக்கக் கூடாது. மாதவிலக்கு மாதக்கணக்கில் தள்ளிப்போனால், "விளையாடுறா, அப்படித்தான்" என்று விடாமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

முழங்கால் தசைநார் கிழிவது பையன்களைவிடப் பெண்களுக்கு அதிகம் நேர்கிறது. இருபது நிமிடம் ஒழுங்கான வார்ம்-அப் செய்தால் அந்த ஆபத்து நன்றாகக் குறையும். "வார்ம்-அப் செய்ய வைக்கிறீர்களா?" என்று கோச்சிடம் கேட்கத் தயங்காதீர்கள். முட்டி வீங்கினால் எண்ணெய் தேய்த்து உருவி விடாதீர்கள். ஐஸ் வைத்து, மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.

வெளியூர்ப் போட்டி என்றால், கூட வரும் பெண் ஆசிரியை யார், எங்கே தங்குகிறார்கள், இரவு போனில் பேச முடியுமா என்று கேட்டுவிட்டே கையெழுத்துப் போடுங்கள். தப்பாக யாராவது தொட்டாலோ பேசினாலோ உடனே சொல்லும் தைரியத்தைக் கொடுங்கள். "சொன்னா அம்மா விளையாட்டை நிறுத்திடுவா" என்ற பயம் இருந்தால் பிள்ளை வாயே திறக்காது. 1098 என்ற எண்ணை மனப்பாடம் செய்ய வையுங்கள்.

சான்றிதழ்களை ஃபைலில் போட்டு வையுங்கள். மாநில அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீதம் ஒதுக்கீடு உண்டு. அங்கீகாரம் பெற்ற போட்டியின் சான்றிதழ்தான் செல்லும். பிறந்த தேதி எல்லா ஆவணத்திலும் ஒன்றாக இருக்கட்டும். சில இளையோர் போட்டிகளில் மணிக்கட்டு எக்ஸ்ரே எடுத்தே வயது பார்க்கிறார்கள். படிப்பை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஒரு காயத்தில் ஆட்டம் முடியலாம். பத்தாம் வகுப்பு மார்க்கை யாரும் பறிக்க முடியாது.

பறிப்பது என்றதும் நம் மாவட்டத்துக் கத்தக்குறிச்சி சாந்தி சௌந்தரராஜன் நினைவுக்கு வருகிறார். செங்கல் சூளைத் தொழிலாளியின் மகள். 2006 தோஹா ஆசியப் போட்டியில் 800 மீட்டரில் வெள்ளி வென்றார். பாலினச் சோதனையைக் காட்டிப் பதக்கத்தைப் பறித்தார்கள். உலகமே அவர் உடம்பைப் பற்றிப் பேசியது. பிறகு அவரே சூளை வேலைக்கும் போக நேர்ந்தது. ஆனாலும் விடவில்லை, நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஓட்டம் சொல்லிக் கொடுத்தார், அரசுப் பயிற்சியாளரும் ஆனார். உயரம் போகும் பெண்ணின் உடம்பைப் பற்றி ஊர் பேசத்தான் செய்யும். "மீசை முளைக்குது, பையன் மாதிரி இருக்கா, கறுத்துட்டா" என்பார்கள். அந்த நேரத்தில் பிள்ளை முதலில் பார்ப்பது அம்மா முகத்தைத்தான். அது வாடாமல் இருக்க வேண்டும்.

என்ன கிடைக்கும் என்று கேட்டவர்களுக்கு என் பதில் இதுதான். வேலை கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். தோற்றுவிட்டு மறுநாள் மைதானத்துக்குப் போகிற மனசு கட்டாயம் கிடைக்கும். கட்டிக் கொடுக்கும் இடத்திலும் அது உதவும். என்ன தோழியரே, நான் சொல்வது சரிதானே?

- ஒரு தாய், ஆலங்குடி.