மக்கள் கையில் வரலாறு – 6
கும்மிடிப்பூண்டியின் டிரங்குப் பெட்டிகள்

சென்ற வாரம் கீழ்வெண்மணி நினைவகத்தில் நின்றோம். இந்த வாரம் கும்மிடிப்பூண்டி. அங்கே போவதற்கு முன் வாசகர்களைப் போபாலுக்கு ஒருமுறை அழைத்துப்போக வேண்டியிருக்கிறது.

போபாலில் பேரசியா சாலைப் பக்கம், வீட்டுவசதி வாரியக் குடியிருப்பில், வாடகைக்கு எடுத்த ஒரு வீடு. விஷவாயுக் கசிவின் முப்பதாம் ஆண்டு நினைவையொட்டி, 2014 டிசம்பரில் அந்த வீட்டில் 'ரிமெம்பர் போபால்' அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. பாதிக்கப்பட்டவர்களின் இயக்கங்களோடு இணைந்த ஓர் அறக்கட்டளையின் முயற்சி அது. அரசாங்கத்தின் பணமும் வேண்டாம், கம்பெனிகளின் பணமும் வேண்டாம் என்று தொடங்கும்போதே முடிவு செய்துவிட்டார்கள்.

இந்தப் பிடிவாதத்துக்குக் காரணம் உண்டு. 1984 டிசம்பர் 2 நள்ளிரவில் யூனியன் கார்பைடு ஆலையிலிருந்து சுமார் 40 டன் மீதைல் ஐசோசயனேட் கசிந்தது. உடனடிச் சாவு 2,259 என்றது அரசு. பின்னர் 3,787 என்றது. இருபதாயிரத்துக்கும் மேல் என்கின்றன இயக்கங்கள். 1989-இல் 47 கோடி டாலருக்கு இழப்பீட்டு வழக்கு சமரசமாகி முடிந்தது. 2010-இல் கம்பெனியின் இந்திய அதிகாரிகள் ஏழு பேருக்கு இரண்டாண்டுத் தண்டனை கிடைத்தது; அன்றைக்கே ஜாமீனும் கிடைத்தது. கம்பெனியின் தலைவராக இருந்த வாரன் ஆண்டர்சன், இந்தியாவில் ஒரு நாள்கூடக் கூண்டில் ஏறாமல் 2014 செப்டம்பரில் இறந்துபோனார். கூடுதல் இழப்பீடு கேட்ட மனுவை 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. செத்தவர்களின் எண்ணிக்கைக்கே எந்த அரசோடு கோர்ட்டில் மல்லுக்கட்டினார்களோ, அதே அரசிடம் தங்கள் கதையை எழுதக் கொடுக்க அவர்களுக்கு மனம் வரவில்லை. அது நியாயம் என்றே நான் நினைக்கிறேன்.

உள்ளே பிரம்மாண்டமாக எதுவும் இல்லை. ஒரு குழந்தையின் உடுப்பு. அதன் அருகே சுவரில் தொங்கும் டெலிபோன் ரிசீவர். எடுத்துக் காதில் வைத்தால், அந்த உடுப்பைக் கொடுத்தவரே பேசுகிறார். நடுவில் மூச்சு வாங்குகிறார், நிறுத்துகிறார், மறுபடி தொடங்குகிறார். எனக்கு இந்தி அரைகுறைதான்; அந்த நிறுத்தங்களுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. பொருளைக் கேட்டு வாங்கியவர்கள், அந்தப் பொருளுக்குரியவரின் குரலையும் சேர்த்து வாங்கி வைத்திருக்கிறார்கள். இந்த அருங்காட்சியகத்தின் முழுப் பலமும் அந்த முறையில்தான் இருக்கிறது.

வட அயர்லாந்தின் டெர்ரி நகரில் இதற்கு ஒரு மூத்த உறவு உண்டு. 1972 ஜனவரி 30 அன்று, விசாரணையின்றிச் சிறையில் அடைப்பதை எதிர்த்து அங்கே குடிமை உரிமைப் பேரணி போனவர்கள் மீது பிரிட்டிஷ் ராணுவம் சுட்டது. அன்று 13 பேர் இறந்தார்கள். காயமடைந்த இன்னொருவர் பின்னர் இறந்தார். சில வாரங்களில் வந்த முதல் விசாரணை அறிக்கை பெருமளவுக்கு ராணுவத்தின் பக்கமே சாய்ந்தது. அரசாங்கம் மன்னிப்புக் கேட்க 2010 ஜூன் வரை ஆனது. துப்பாக்கிச் சூடு நடந்த பாக்சைடு பகுதியிலேயே 'ஃப்ரீ டெர்ரி' அருங்காட்சியகம் இருக்கிறது. குண்டு துளைத்த சட்டையை அங்கே பார்க்கலாம். வருகிறவர்களுக்கு விளக்கம் சொல்பவர்களில் இறந்தவர்களின் உடன்பிறந்தோரும் உண்டு.

அங்கேயும் எல்லாம் சுமுகமாக நடந்துவிடவில்லை. 2017-இல் புதுப்பித்துத் திறந்தபோது, அந்தக் காலத்தில் மாண்ட படையினர், போலீசாரின் பெயர்களும் காட்சியில் இடம்பெற்றன. குடும்பத்தாரில் சிலரே அதைக் கடுமையாக எதிர்த்தார்கள். மக்களே நடத்துவதால் சண்டை இல்லாமல் போய்விடாது; சண்டை அந்தக் கூரைக்குக் கீழேயே நடக்கும். எனக்கு அது குறையாகத் தெரியவில்லை.

இனி நம் ஊர். சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் ஏறினால் வழியில் எண்ணூர். 2023 டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டி, அங்கே ஓர் உர ஆலைக்கு அமோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு ஏற்பட்டது. பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். பலர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். மீனவர்கள் நாள்கணக்கில் போராட்டம் நடத்தினார்கள். அந்த இரவில் யார் எந்தக் கதவைத் தட்டி யாரை எழுப்பினார் என்று இன்றைக்கு ஊரில் எல்லோருக்கும் தெரியும். எழுதி வைக்காவிட்டால் இருபது வருடத்தில் தெரியாது.

அதே ரயிலில் கடைசி வரை போனால் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டை. இரும்பு உருக்காலைகள், புகை, வடமாநிலத் தொழிலாளர்கள் அடைந்து கிடக்கும் வாடகை அறைகள். சுற்றுக் கிராமத்தார் காற்றையும் நிலத்தடி நீரையும் பற்றிக் கொடுத்த மனுக்களின் நகல்கள் வீட்டுப் பரண்களில் கிடக்கின்றன. மாவட்டத்தின் அரிசி ஆலைகளிலிருந்தும் செங்கல் சூளைகளிலிருந்தும் மீட்கப்பட்ட இருளர் பழங்குடிக் குடும்பங்களிடம் விடுதலைச் சான்றிதழ் இருக்கிறது. 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி வழங்கப்பட்ட அந்த ஒற்றைத் தாள், எந்த அருங்காட்சியகத்திலும் முதல் அறையில் வைக்கத் தகுந்தது.

சிப்காட்டை ஒட்டியே இலங்கைத் தமிழர் முகாம். மாநிலத்தின் பெரிய முகாம்களில் அதுவும் ஒன்று. 1990-இல் மீண்டும் போர் மூண்டபோது படகேறி வந்த குடும்பங்கள் இங்கே பல. 2021-இல் அரசு 'மறுவாழ்வு முகாம்' என்று பெயரை மாற்றியது, உதவித்தொகையை உயர்த்தியது, புது வீடுகளும் அறிவித்தது. நல்ல காரியங்கள்தான். ஆனாலும் முப்பது வயதில் வந்தவருக்கு இப்போது அறுபது தாண்டிவிட்டது. முகாமில் பிறந்த பிள்ளைக்கே பிள்ளை பிறந்துவிட்டது.

அங்கே ஒரு வீட்டில் பாட்டி ஒருவர் கட்டிலுக்கடியிலிருந்து டிரங்குப் பெட்டியை இழுத்துத் திறந்தார். பாலித்தீன் பையில் மடித்த காணி உறுதி (நிலப் பத்திரம்), மடிப்புகள் கிழிந்து ஒட்டுப் போட்டது. முகாம் குடும்ப அட்டைகள், பழையதும் புதியதுமாக. மஞ்சளேறிய ஒரு கல்யாணப் படம். அதில் மாப்பிள்ளை பக்கத்தில் நிற்கும் இளைஞனின் மேல் விரலை வைத்துவிட்டு அவர் எதுவும் சொல்லவில்லை. பிறகு கேட்டார்: "இதெல்லாம் ஆர் தம்பி பாக்கப் போயினம்?"

பார்க்க வேண்டியவர்களில் நீதிமன்றமும் உண்டு. 1987 ஜூலை 1-க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே இந்தியக் குடிமகன் என்கிறது சட்டம். மண்டபம் முகாமில் 1986-இல் பிறந்த ஒரு பெண், அந்தப் பிறப்புச் சான்றை வைத்து உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் வழக்காடி, 2022-இல் பாஸ்போர்ட்டுக்கு உத்தரவு பெற்றார். 2024 நாடாளுமன்றத் தேர்தலில் முதல்முறையாக ஓட்டுப் போட்டார். முகாம்களில், இந்தியாவிலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்குப் போனவர்களின் வழிவந்த மலையகத் தமிழர்களும் இருக்கிறார்கள். 1964-இல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தோடு தொடர்புள்ள குடும்பங்கள் அவை. அவர்களுக்குத் தாத்தாவின் தோட்டத்துப் பதிவுத் தாள்கூட உரிமைக்கு ஆதாரமாகலாம். கரையான் அரித்தால் போவது ஞாபகம் மட்டும் இல்லை, வழக்கும்தான்.

பயமும் இருக்கிறது, அதை மறைத்துப் பேசக் கூடாது. சிலருக்கு இலங்கையில் உறவுகள் இன்னும் இருக்கிறார்கள். முகாமிலோ எப்போதும் கண்காணிப்பு. உறவுகளை இலங்கை ராணுவத்தால் இழந்தவர்கள், இந்திய அமைதிப்படைக் காலத்தில் இழந்தவர்கள், போராளி இயக்கங்களால் இழந்தவர்கள் எல்லோரும் ஒரே வரிசை வீடுகளில் இருக்கிறார்கள். ஒருவர் கதை மற்றவருக்குக் கசக்கும். எதைக் காட்டுவது, யார் பெயரை மறைப்பது என்பதை அந்தந்தக் குடும்பமே முடிவு செய்ய வேண்டும். வெளியிலிருந்து போகிற நாம் அதில் தலையிடக் கூடாது. ஆனால் ஒரு தரப்பின் இழப்பை மட்டும் மாட்டி வைக்கும் சுவர் எத்தனை உருக்கமாக இருந்தாலும் வரலாறு ஆகாது.

கட்டடம் பிறகு வரட்டும். சமுதாயக் கூடத்தில் ஒரு அலமாரி போதும், செல்போனில் ஒலிப்பதிவு போதும். முகாமிலும் சிப்காட் கிராமங்களிலும் இருக்கும் இளைஞர்களுக்குச் சொல்கிறேன்: இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டு மூத்தவர் பக்கத்தில் உட்கார்ந்து பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு பொருளையும் கையில் வைத்துக்கொண்டு அவரையே பேசவிட்டுப் பதிவு செய்யுங்கள். நாளும் இடமும் எழுதி வையுங்கள். தாள்களைப் படமெடுத்து இரண்டு இடத்தில் வையுங்கள். அசலை யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள். என்னைப் போன்ற எழுத்தாளர் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

(தொடரும்)