ப்ளேனை எடுத்துட்டுப் போயிட்டா பைலட் எங்கே போவார்?

எங்கள் ஊர் வெண்ணந்தூரில் ஆகாய விமானம் பார்க்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, அலவாய்மலைப் பக்கம் கழுத்தை நிமிர்த்திக்கொண்டு காத்திருப்பது. இன்னொன்று, சேலம் பஸ் ஏறி, அங்கிருந்து ஓமலூர் பக்கம் காமலாபுரம் போவது. இப்படிப்பட்ட ஊர்க்காரன் விமானத் தளங்களை மூடுவது பற்றி எழுத என்ன யோக்கியதை இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம்.

இருக்கிறது ஸார். நான் மூடப்பட்டவன்.

2016-ல் சேலத்தில் ஒரு கம்பெனியின் கிளை அலுவலகத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். பி.காம். படித்தவனுக்கு வேறென்ன! காலையில் ஐந்து மணிக்கு எழுந்து அப்பாவின் இரண்டு விசைத்தறிகளுக்குக் கூட ஒத்தாசை. எட்டு மணிக்கு பஸ். இரவு திரும்பி வந்து நூல் கணக்கு, கூலிக் கணக்கு. அதாவது பகலில் குமாஸ்தா, மீதி நேரம் நெசவாளி.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை நாலரை மணிக்கு சர்க்குலர் வந்தது. 'நிர்வாகச் சீரமைப்பு' என்று தலைப்பு. கிளையைச் சென்னையோடு இணைக்கிறார்களாம். பதினைந்து நாளில் சென்னையில் ஆஜராக வேண்டும். இல்லாவிட்டால் கணக்கு முடித்துக்கொள்ளலாம். யாரையும் வேலையை விட்டு நீக்கவில்லை, கவனியுங்கள். நாற்காலியை மட்டும் முந்நூற்றைம்பது கிலோமீட்டர் தள்ளிப் போட்டுவிட்டார்கள்!

அப்பாவிடம் சொன்னேன். ஓடிக்கொண்டிருந்த தறியை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "தறியக் கழட்டி எந்த ஊருக்கு வேணா லாரில ஏத்திடலாம் சாமி. ஓட்டறவனை ஏத்தறப்பதான் கூடவே பொண்டாட்டி, புள்ள, ரேஷன் கார்டு, சீட்டுப் பணம் எல்லாம் வந்து ஏறிக்குது."

நான் போகவில்லை. அதன் பிறகுதான் இந்த மாதிரி விஷயங்கள் எங்கே நடந்தாலும் கண்ணில் படுகின்றன. அப்படிப் பட்டவர்கள்தான் அமெரிக்காவின் பாதி நாள் பைலட்டுகள்.

சனி, ஞாயிறு சண்டை விமானம்!

அமெரிக்காவில் 'ஏர் நேஷனல் கார்டு' என்று ஒரு படை. மாதத்தில் ஒரு வார இறுதி, வருஷத்தில் இரண்டு வாரம். இதுதான் குறைந்தபட்ச டியூட்டி. விமானிகள் அதைவிடக் கூடுதலாகவே பறப்பார்கள். மற்ற நாட்களில் அதே ஆசாமி ஏர்லைன்ஸில் பயணிகளை ஏற்றிச் செல்வார், அல்லது ஏதாவது ஆபீஸில் ஃபைல் பார்ப்பார். அவர் வீடும், பிழைப்பும், சண்டை விமானமும் ஒரே வட்டாரத்தில் இருக்கும். இந்தப் படை அந்தந்த மாநிலத்துக்குச் சொந்தம். சாதாரண நாளில் அதற்குத் தலைவர் கவர்னர்.

சரி. ஒருநாள் வாஷிங்டனில் இருக்கிறவர்கள் கணக்குப் பார்க்கிறார்கள். தளங்கள் ஜாஸ்தி, விமானங்கள் கம்மி, செலவு கட்டுப்படியாகவில்லை. இப்படி 1988, 1991, 1993, 1995, 2005 என்று ஐந்து முறை தளங்களை மூடவும் இடம் மாற்றவும் பட்டியல் போட்டார்கள். 2005 மே மாதம் வந்த பட்டியலில் பகுதி நேரப் படையின் பல பிரிவுகளிலிருந்து விமானங்களை எடுத்து வேறு ஊர்களுக்குக் கொடுக்கச் சொல்லியிருந்தார்கள்.

முழுநேர விமானிக்கு இது ஒரு டிரான்ஸ்ஃபர். உத்தரவு வரும், குவார்ட்டர்ஸ் வரும், சாமான் ஏற்றிச்செல்லப் படியும் வரும். பாதி நாள் பைலட்டுக்கு? அவர் முன் இருப்பவை நாலே வழிகள்.

ஒன்று, குடும்பத்தோடு விமானம் போன ஊருக்கே போவது. பிழைப்பு இந்த ஊரில் இருக்கிறதே! இரண்டு, ஒவ்வொரு டியூட்டிக்கும் பயணம் செய்வது. பொதுவாகச் சொந்தக் காசு. மூன்று, பழைய இடத்திலேயே வேறு விமானமோ, வேறு வேலையோ கொடுத்தால் அதைக் கற்றுக்கொள்வது. அதற்கு மாதக்கணக்கில் பயிற்சி. முதலாளி லீவு கொடுக்க வேண்டும். நாலு, கும்பிடு போட்டுவிட்டு விலகுவது. அதிலும் ஒரு சிக்கல். இந்தப் படையில் பென்ஷனுக்கு 20 வருஷ சர்வீஸ் கணக்கில் சேர வேண்டும். பதினைந்தாவது வருஷத்தில் விமானத்தை எடுத்துக்கொண்டு போனால் அந்த மனிதர் கணக்கு என்ன ஆவது?

அதிலும் விமானம் ஓட்டுவது சைக்கிள் மாதிரி இல்லை. தொடர்ந்து பறந்தால்தான் கை பழகியிருக்கும். விட்டால் தகுதியும் போய்விடும்.

கோர்ட்டுக்குப் போன கவர்னர்

பென்சில்வேனியா மாநிலத்தில் வில்லோ குரோவ் என்ற தளம். அங்கே 111-வது பிரிவு ஏ-10 ரக விமானங்களை ஓட்டிக்கொண்டிருந்தது. அந்தப் பிரிவையே கலைக்கச் சொன்னது பட்டியல். கவர்னர் எட் ரெண்டல் சும்மா இருக்கவில்லை. "என் சம்மதம் இல்லாமல் என் மாநிலப் படையை எப்படிக் கலைக்கலாம்?" என்று வழக்குப் போட்டார். 2005 ஆகஸ்டில் நீதிபதி, கவர்னர் சம்மதமின்றிக் கலைப்பது செல்லாது என்றார்.

அப்பாடா, ஜெயித்துவிட்டார்கள் என்கிறீர்களா? பிரிவு பிழைத்தது. விமானங்கள் போய்விட்டன. 2011-ல் அங்கிருந்த கடற்படைத் தளமும் மூடப்பட்டது. பிறகு அந்தப் பிரிவுக்கு ஆளில்லா விமானங்களைத் தூரத்திலிருந்து இயக்கும் வேலை வந்தது. போர்டு இருக்கிறது, பெயர் இருக்கிறது, பைலட் நாற்காலியில் உட்கார்ந்து திரையைப் பார்க்கிறார்!

செயின்ட் லூயிஸ் நகரப் பிரிவு வேறு விதம். எஃப்-15 சண்டை விமானங்கள் போய், அந்தப் பிரிவுக்கு பி-2 குண்டுவீச்சு விமானம் கிடைத்தது. பதவி உயர்வு மாதிரிதான். ஆனால் பி-2 இருப்பது அதே மாநிலத்தில் முந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் ஒய்ட்மேன் தளத்தில். நம்ம சேலம் - சென்னை சமாசாரம்.

காமர்ஸ்காரன் என்பதால் கடைசியில் மிச்சம் எவ்வளவு என்று தேடினேன். 2005 திட்டத்துக்கு 2,100 கோடி டாலர் செலவாகும் என்று போட்ட கணக்கு, சுமார் 3,500 கோடியில் போய் நின்றதாக அவர்கள் நாட்டுத் தணிக்கைத் துறையே 2012-ல் சொன்னது. இருபது வருஷத்தில் 3,600 கோடி மிச்சமாகும் என்ற எதிர்பார்ப்பு, சுமார் 1,000 கோடியாக இளைத்தது. மிச்சமே இல்லை என்று நான் சொல்லவில்லை. காலியாகக் கிடக்கும் தளத்துக்குக் காவல் போடுவதும் வீண் செலவுதான். ஆனால் பேரேட்டில் கட்டடத்துக்குத் தேய்மானம் எழுத இடம் உண்டு. பதினைந்து வருஷம் பழகிய கை வீட்டுக்குப் போவதை எழுத எந்தப் பக்கமும் கிடையாது.

நம்ம பரங்கிமலைக் கதை

நம் நாட்டில் இந்த ஆசாமிகள் இருந்தார்களா? இருந்தார்கள், அதுவும் சென்னையிலேயே.

இரண்டாம் உலகப் போர் தொடங்கிய சமயம், இந்திய விமானப்படையில் தொண்டர் ரிசர்வ் என்று ஒன்றை ஆரம்பித்தார்கள். ஃப்ளையிங் கிளப்பில் கற்றவர்கள், ஏர்லைன்ஸில் ஓட்டியவர்கள் எல்லாம் சேர்ந்தார்கள். சென்னை, பம்பாய், கல்கத்தா, கொச்சி, கராச்சி போன்ற துறைமுக நகரங்களில் கடலோரக் காவல் விமானப் பிரிவுகள் முளைத்தன.

சென்னைப் பரங்கிமலையில் இருந்தவர்களுக்குக் கிடைத்தது அட்டலான்டா என்ற விமானம். அது போர் விமானமே அல்ல. இம்பீரியல் ஏர்வேஸ் பயணிகளை ஏற்றிச் சென்ற நாலு இன்ஜின் கிழம். ஆயுதம்? ஒரே ஒரு இயந்திரத் துப்பாக்கி. அதையும் வழிகாட்டும் அதிகாரிதான் ஜன்னல் வழியாக நீட்டிச் சுட வேண்டும்! டவுன் பஸ் ஜன்னலில் குடையை நீட்டுகிற மாதிரி. அதை வைத்துக்கொண்டு வங்காள விரிகுடாவில் ஜப்பான்காரன் வருகிறானா என்று ரோந்து சுற்றினார்கள். 1942 ஆகஸ்ட் 30-ம் தேதி கடைசி ரோந்து.

அந்த வருஷ முடிவுக்குள் கடலோரப் பிரிவுகள் கலைக்கப்பட்டன. ஆட்கள் புதுப் படைப்பிரிவுகளுக்குப் பிரிந்து போனார்கள். அதே 1942 டிசம்பர் 1-ம் தேதி விசாகப்பட்டினத்தில் 7-வது ஸ்குவாட்ரனும், நம் திருச்சியில் 8-வது ஸ்குவாட்ரனும் பிறந்தன. இரண்டுக்கும் தலைகீழாகப் பாய்ந்து குண்டு போடும் வெஞ்சன்ஸ் விமானங்கள். இரண்டுமே பிறகு பர்மா போர்முனைக்குப் போயின. கிளப்பில் ஞாயிற்றுக்கிழமை பறந்தவர்களுக்கு அது எப்பேர்ப்பட்ட மாற்றம், யோசித்துப் பாருங்கள்.

சுதந்திரத்துக்குப் பின் 1952-ல் ரிசர்வ், துணை விமானப்படைகளுக்கென்றே ஒரு சட்டம் வந்தது. டெல்லி, பம்பாய், சென்னை என்று துணை ஸ்குவாட்ரன்கள் தொடங்கின. 1960-களில் அவையும் முழுநேரப் படையில் கரைந்துபோயின.

போர்க்காலத்து ஓடுபாதைகள் மட்டும் இன்னும் கதை சொல்லும். சோழவரம் ஓடுபாதையில் மோட்டார் பந்தயம் ஓடியது. கயத்தாறும் உளுந்தூர்பேட்டையும் ஓய்ந்தே போயின. தஞ்சாவூருக்கு மட்டும் மறுபிறவி: 2013-ல் விமானப்படைத் தளம், 2020 ஜனவரியில் சுகோய் விமானங்கள். எங்கள் சேலம் விமான நிலையத்தையே பாருங்களேன். 1993-ல் திறந்தார்கள், சர்வீஸ் வருவதும் நிற்பதுமாக இருந்தது. 2018-ல் மறுபடி வந்தது, 2021-ல் நின்றது, 2023 அக்டோபரில் திரும்ப வந்தது. ஓடுபாதை காத்திருக்கும். அதற்கு வீட்டு வாடகை கிடையாது, பிள்ளைக்கு ஸ்கூல் ஃபீஸ் கிடையாது.

நான் வேலை பார்த்த மாடியில் இப்போது டியூஷன் சென்டர் நடக்கிறது. பஸ்ஸில் தாண்டும்போது என் ஜன்னலைத் தன்னிச்சையாகத் தேடுவேன்.

இதை எழுதி முடித்து அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். தாரை மாற்றிக்கொண்டே கேட்டவர், கடைசியில் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"அந்த பைலட்டுப் பசங்களுக்கு வேற வேலை கெடச்சுதாடா?"

"சில பேருக்கு உட்கார்ந்த எடத்துலயே ஓட்டற ப்ளேன் குடுத்திருக்காங்கப்பா. பறக்க முடியாது. ஆனா ஊரை விட்டுப் போக வேண்டியதில்லை."

அப்பா கொஞ்ச நேரம் யோசித்தார்.

"பறக்கறவனுக்கு அது போதுமா?" என்று கேட்டுவிட்டு, தறியை ஓட விட்டார். அந்தச் சத்தத்தில் நான் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை.