வணக்கம் இல்லாத பாஷை

அந்நிய பாஷை ஒன்றைக் கற்கப் புகுகிறவன் முதலில் கேட்பது அதன் இலக்கணத்தையன்று. ‘வணக்கம்’, ‘நன்றி’ என்பவற்றுக்கு அதிலுள்ள சொற்களைத்தான். ‘ஸ்டார் டிரெக்’ திரைப்படங்களில் வரும் கிளிங்கான் என்ற கற்பனைப் போர்க்குலத்தாரின் பாஷையைப் பற்றி அவ்வாறு கேட்பவனுக்கு ஏமாற்றமே மிஞ்சும். ஏனெனில், எதிர்ப்பட்டவனை நோக்கி அவர்கள் சொல்லும் ‘நுக்நெஹ்’ என்பதற்கு, ‘உனக்கு என்ன வேண்டும்?’ என்பதே பொருள்.

நாம் ‘சௌக்கியமா?’ என்று கேட்பதும் உண்மையில் தேகநிலையை அறிவதற்காக அன்று. செய்தி எதையும் சுமக்காமல், மனிதரை மனிதரோடு பிணைப்பதே இத்தகைய வார்த்தைகளின் பிரயோஜனம் என்பதை மானிடவியல் அறிஞர் மாலினோவ்ஸ்கி 1923-இல் எடுத்துக்காட்டினார். ஆகவே கற்பனைப் பாஷைக்கு முகமன் படைப்பவர், சொல்லோடு ஓர் ஆசாரத்தையும் சேர்த்தே படைக்க வேண்டியவராகிறார்.

1984-இல் வெளியான மூன்றாவது படத்துக்காகக் கிளிங்கானை உருவாக்கிய மார்க் ஓக்ராண்ட், கலிபோர்னியாவின் ஆதிகுடிகளுடைய முட்சன் பாஷையின் இலக்கணத்தை ஆராய்ந்து டாக்டர் பட்டம் பெற்றவர். மனித பாஷைகளில் அபூர்வமாகவே காணப்படும் ஒழுங்கை வேண்டுமென்றே தேர்ந்து, செயப்படுபொருளை முதலிலும் வினையை நடுவிலும் எழுவாயை இறுதியிலும் நிறுத்தினார் அவர். பிரேசிலின் அமேசான் பகுதியில் வழங்கும் ஹிஷ்கர்யானா பாஷையின் ஒழுங்கும் இதுவே. ‘குழந்தையைப் பார்க்கிறார் அதிகாரி’ என்று நாமும் சொல்லலாமே எனின், சொல்லலாம்தான். ஆனால் தமிழில் சொற்களை எப்படிப் புரட்டினாலும் ‘ஐ’ உருபு பொருளைக் காத்துவிடும். அத்தகைய உருபு இல்லாத கிளிங்கானிலோ, இரு பெயர்களும் இடம் மாறிய மாத்திரத்தில் பார்த்தவர் பார்க்கப்பட்டவராகிவிடுவார்!

2009-இல் வந்த ‘அவதார்’ படத்துக்குப் பால் ஃப்ராமர் இயற்றிய நாவி பாஷையில், கண்ணால் காண்பதற்கு ஒரு வினையும் உள்ளத்தால் உணர்ந்து காண்பதற்கு வேறொரு வினையும் உண்டு; முகமனுக்கு உரியது இரண்டாவது. 1887-இல் ஸாமென்ஹாஃப் வெளியிட்ட எஸ்பெராண்டோவிலோ ‘சலூட்டோன்’, ‘டாங்கோன்’ என்பவற்றின் ஈற்றிலுள்ள னகரம் இரண்டாம் வேற்றுமைக் குறியாதலால், அவை ‘வணக்கத்தை’, ‘நன்றியை’ என்று வினைக்கு முன்பே நின்றுவிட்ட வாக்கியங்கள். இம்மூன்றில் என் மனத்துக்கு உகந்தது, கிளிங்கானின் ஒளிவுமறைவற்ற முரட்டுத்தனமே.

விடைபெறும்போது அவர்கள் சொல்வது ‘கப்லா’. ‘வெற்றி’ என்று பொருள். சொல்லிப் பார்க்க விழையும் வாசகர், அதன் முதல் ககரத்தை நம்முடைய ககரம்போல் மெல்ல உச்சரிக்காமல், உள்நாக்கின் அருகிலிருந்து தொண்டை கரகரக்க ஒலிக்க வேண்டும்.